பிரிட்டன் நகரங்களின் பழைய ரியல் ஏல் பப்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெஃபீல்டுக்கு வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிற நண்பர்களும் உறவுக்காரர்களும் கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்து முடித்ததும், "சரி, நல்ல பழைய பப் ஒன்றைக் காட்டு" என்பார்கள். அப்படிப் போகும்போது அவர்கள் கேட்ட கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகங்கள் இருந்தன. யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

ரியல் ஏல் என்றால் என்ன? மற்ற பியரெல்லாம் பொய்யா?

பொய்யில்லை. ஆனால் உயிர் இல்லாதது. சாதாரணமாக பாரில் கிடைக்கும் பியரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் சூடுபடுத்தி, ஈஸ்ட் எதுவும் மிச்சமில்லாமல் செய்துவிடுவார்கள். அதை கெக் என்னும் உருளையில் அடைத்து, வாயுவின் அழுத்தத்தால் குழாய்க்கு ஏற்றுவார்கள். எந்த ஊரில் குடித்தாலும் ஒரே சுவைதான்.

ஏல் என்பது இங்கத்திய பழைய பாணிப் பியர். அதில் ரியல் ஏல் வேறு வகை. அது காஸ்க் என்னும் பீப்பாயில் வரும். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும், பப்பின் நிலவறைக்கு வந்து சேர்ந்த பிறகும் புளித்துக்கொண்டிருக்கும். இரவு கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பீப்பாயைப் படுக்கவைத்து, மேல் துளையில் ஸ்பைல் என்ற சின்ன மரமுளையை அடிப்பார்கள். உள்ளே சேர்ந்த வாயு அதன் வழியாக மெல்லக் கசிந்து போகும். ஈஸ்ட் அடியில் படியும்வரை, ஒரு நாளோ கூடவோ, பீப்பாயை யாரும் அசைக்கக் கூடாது. தெளிந்ததும் மேலே கவுன்டரில் இருக்கும் கைப்பம்பை இழுத்தால் பியர் ஏறி வரும். அதைத் தள்ளிவிட வெளியிலிருந்து வாயு எதுவும் செலுத்துவதில்லை.

பியர் இறங்க இறங்கப் பீப்பாய்க்குள் காற்று புகும். காற்று பட்ட பியர் மூன்று நாளைக்குமேல் தாங்காது. இந்த மூன்று நாள் கணக்கை மறக்காதீர்கள். கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பியர் குடிப்பார்கள் என்கிறார்களே?

வெதுவெதுப்பு இல்லை. நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பல்லைக் கூச வைக்கும் லாகரோடு, அதாவது நம் ஊரிலும் கிடைக்கும் மஞ்சள் நிறக் குளிர் பியரோடு, ஒப்பிட்டால் அது சூடாகத் தெரியும், அவ்வளவுதான். ஐஸ் குளிரில் மால்ட் என்ற முளைகட்டிய பார்லியின் வாசனையும், ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பும் நாக்குக்குத் தெரியாது. நிஜமாகவே வெதுவெதுப்பாக வந்தால் அது அந்தப் பப்பின் குறை.

'ரியல்' என்று பெயர் வைத்தது யார்?

கேம்ரா என்னும் நுகர்வோர் இயக்கம். 1971-ல் அயர்லாந்தின் மேற்கு ஓரத்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள், ஊரில் நல்ல பியரே கிடைப்பதில்லையே என்ற ஆதங்கத்தில் ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகள் சின்ன ஆலைகளை விழுங்கி நாடு முழுக்க ஒரே மாதிரி கெக் பியரை ஓடவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாட்னீஸ் ரெட் பேரல் என்ற பெயரைச் சொன்னால் வயதானவர்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். கேம்ரா ஒவ்வொரு ஆண்டும் 'குட் பியர் கைடு' என்ற நல்ல பப்களின் பட்டியலை வெளியிடுகிறது. பழமை மாறாத உள்ளலங்காரம் கொண்ட பப்களுக்குத் தனிப் பட்டியலும் வைத்திருக்கிறது. ஊர் சுற்ற வருபவருக்கு இந்த இரண்டாவது பட்டியல் ஒரு புதையல்.

பழைய பப் என்றால் பியரும் நன்றாகத்தான் இருக்கும், இல்லையா?

இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான்.

பழைய கட்டடம் வேறு, நல்ல பியர் வேறு. கட்டடத்தின் வயதைச் சுவரில் எழுதி வைக்கலாம், பீப்பாயின் வயதை யாரும் எழுதி வைப்பதில்லை. வழக்கமான பீப்பாய் ஃபர்கின் எனப்படும். அதில் 9 கேலன், அதாவது 72 பைன்ட் பிடிக்கும். திறந்த மூன்று நாளில் அந்த 72 பைன்ட்டும் விற்றாக வேண்டும். சுற்றுலாக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டு லாகர் வாங்கிக் குடிக்கிற பப்பில், கைப்பம்புக்குக் கீழே இருக்கும் பீப்பாய் நாலாவது, ஐந்தாவது நாளுக்குப் போய்விடும். அதைக் குடித்துவிட்டு, "ரியல் ஏல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவுகட்டி ஊர் திரும்பியவர்கள் நிறைய.

அதனால் உள்ளே நுழைந்ததும் கைப்பம்புகளை எண்ணுங்கள், பிறகு கூட்டத்தைப் பாருங்கள். பத்துப் பம்பும் நாலு ஆளும் இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். மூன்று பம்பு இருந்து, வருகிறவர் எல்லோரும் அதிலிருந்தே வாங்கினால் தைரியமாகக் கேட்கலாம். உள்ளூர்ப் பெரியவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்பதைவிட நல்ல விமர்சனம் கிடையாது.

கட்டடமும் பியரும் சேர்ந்து அமைந்த பப்கள் இருக்கின்றன. கீழே ஊர்வாரியாக நான் சொல்வதில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. ஒன்று குறைந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்?

நேராக கவுன்டருக்குப் போங்கள். நான் முதன்முதலாகப் போனபோது மேசையில் உட்கார்ந்து இருபது நிமிடம் காத்திருந்தேன். சர்வர் வருவார் என்று நினைப்பு. பக்கத்து மேசைப் பெரியவர் பரிதாபப்பட்டு, "தம்பி, இங்கே யாரும் வர மாட்டார்கள்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது.

கவுன்டரில் வரிசை இருக்காது, ஆனால் முறை உண்டு. யாருக்குப் பிறகு யார் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், உள்ளே நிற்பவருக்கு நன்றாகவே தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், "அவர்தான் முதலில்" என்று கை காட்டுங்கள். அந்த ஒரு செயலிலேயே நீங்கள் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவீர்கள். பணத்தை எடுத்து ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, கூப்பிடுவது எதுவும் வேண்டாம். கண்ணைப் பார்த்தால் போதும்.

வாங்கும்போதே பணம் கொடுத்துவிட வேண்டும். டிப்ஸ் கிடையாது. ரொம்பத் திருப்தி என்றால், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் பழக்கம் உண்டு. நாலைந்து பேராகப் போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். இதுதான் ரவுண்டு. தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிற ஆசாமியை இந்த நாட்டிலும் பத்து வருடம் ஆனாலும் மறக்க மாட்டார்கள். கிளம்பும்போது காலிக் கிளாஸைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போவது மரியாதை.

இத்தனை பம்பு இருக்கிறதே, எதைக் கேட்பது?

முதலில் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள். நல்ல பப்பில் சின்னக் கிளாஸில் தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள். கூட்ட நேரத்தில் ஆறு வகையையும் ருசி பார்க்காதீர்கள்.

பிட்டர் என்பது பெயரில் இருக்கும் அளவுக்குக் கசக்காது. செம்பு நிறம், பிஸ்கட் வாசனை, கடைசியில் ஒரு கசப்பு. யார்க்ஷயரின் திமோதி டெய்லர் லேண்ட்லார்ட், தெற்கே ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் இரண்டும் இந்த வகையில் முதல் மரியாதை பெற்றவை. மைல்ட் பெரும்பாலும் கறுப்பாக, இனிப்பாக, பலம் குறைவாக இருக்கும். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் இதைத்தான் விரும்பிக் குடித்தார்கள். இப்போது அபூர்வம், கண்ணில் பட்டால் விடாதீர்கள். கோல்டன் ஏல் லாகர் குடித்துப் பழகியவர்களுக்கு எளிய வாசல். போர்ட்டரும் ஸ்டவுட்டும் வறுத்த காப்பிக்கொட்டையின் கருப்பும் கசப்பும் கொண்டவை. டிகிரி காப்பிக்காரர்கள் இங்கே தொடங்கினால் தப்பில்லை.

பம்பில் மாட்டியிருக்கும் அட்டை திரும்பி இருந்தால் அந்தப் பியர் தீர்ந்துவிட்டது என்று பொருள். 'ஏன் பேரே போடவில்லை' என்று கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன்.

பைன்ட் எவ்வளவு? தலை சுற்றுமா?

பைன்ட் என்றால் 568 மில்லி. அரை பைன்ட், மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்றும் சட்டப்படி வாங்கலாம். அரை பைன்ட் வாங்குவதில் எந்த அவமானமும் இல்லை. நாலு பப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதுவே புத்திசாலித்தனம். பலம் பொதுவாக 3.5 முதல் 4.5 சதவீதம்தான். இது மணிக்கணக்காகப் பேசிக்கொண்டு குடிக்கிற பானம், ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு எழுந்து போகிற பானம் இல்லை. விலை வடக்கே 4 பவுண்டை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். லண்டனில் 6-ஐத் தாண்டும்.

ஒரு ஊரில் நுரையோடு தருகிறார்கள், இன்னொரு ஊரில் தட்டையாகத் தருகிறார்களே?

வடக்கே பம்பின் மூக்கில் ஸ்பார்க்ளர் என்ற துளைகள் உள்ள மூடியைப் பொருத்துவார்கள். பியர் அதன் வழியே பீறிட்டு வந்து கெட்டியான வெண்ணெய் நுரை கட்டும். தெற்கே அது கிடையாது. எது சரி என்று யார்க்ஷயர்க்காரரும் லண்டன்காரரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் வடக்கில் வசிப்பவன், என் கட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நுரை அளவுக்கு மீறி இருந்தால் "கொஞ்சம் நிரப்பிக் கொடுங்கள்" என்று கேட்கலாம். முகம் சுளிக்காமல் நிரப்புவார்கள்.

பியர் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா?

தாராளமாக. காடி மாதிரி புளித்தாலோ, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தாலோ, "இது கொஞ்சம் மாறிவிட்டது போலிருக்கிறது" என்று மெதுவாகச் சொல்லிக் கிளாஸை வையுங்கள். வேறு ஒன்று தருவார்கள். முக்கால் கிளாஸ் குடித்த பிறகு சொல்லக் கூடாது. கலங்கலாக இருப்பது மட்டும் குறையில்லை. சில ஆலைகள் வேண்டுமென்றே அப்படித் தருகின்றன.

ஒருமுறை ஒரு பெரிய நகரத்தில், பெயர் வேண்டாம், அருமையான கண்ணாடி வேலைப்பாடு உள்ள பப்பில் சுத்தமான வினிகரைக் கொடுத்தார்கள். கூட வந்த என் மாமா "இதுதான் போல இவர்கள் ருசி" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுதாகக் குடித்தார். நானும் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.

நான் சைவம். பியரில் என்ன இருக்கப் போகிறது?

மீன் இருக்கிறது. பீப்பாயில் ஈஸ்ட் சீக்கிரம் படிவதற்கு ஐசிங்லாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. நம் கடற்கரையில் நெட்டி என்பார்கள். ஈஸ்டைப் பிடித்துக்கொண்டு அது அடியில் போய்ப் படிந்துவிடும், கிளாஸுக்கு அநேகமாக வராது. ஆனாலும் கண்டிப்பான சைவர்களுக்கு இது முக்கியமான விஷயம், யாரும் முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள்.

கவுன்டரில் "ஐசிங்லாஸ் போடாதது எது" என்று கேளுங்கள். இப்போது ஐசிங்லாஸ் இல்லாமல் காஸ்க் பியர் செய்யும் ஆலைகள் நிறைய உண்டு. மான்செஸ்டரின் மார்பிள், பிரிஸ்டலின் மூர் இரண்டும் அதில் பெயர் பெற்றவை.

சாப்பாட்டிலும் ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டில் தொங்கும் மொறுமொறுப்பான போர்க் ஸ்கிராச்சிங்ஸ் பன்றித்தோல் வறுவல். அப்பளப்பூ மாதிரி இருக்கிறதே என்று கை வைத்துவிடாதீர்கள். ஸ்காட்ச் எக் என்பது பன்றி இறைச்சிக் கைமாவுக்குள் வைத்துப் பொரித்த முட்டை. ஒன்றும் கிடைக்காவிட்டால் உப்பும் வினிகரும் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் எங்கேயும் இருக்கும். அந்தப் பாக்கெட்டை நாலு பக்கமும் கிழித்து மேசை நடுவில் விரித்து வைத்தால், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

லண்டனில் எங்கே போகலாம்?

பிளாக்ஃப்ரையர்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டி ஆப்புத்துண்டு வடிவில் நிற்கும் பிளாக் ஃப்ரையர். 1875-ல் கட்டியது. 1905-ஐ ஒட்டி உள்ளே பளிங்கு, மொசைக், வெண்கலத்தில் குண்டுத் துறவிகள் என்று இழைத்துவிட்டார்கள். சுவரில் பொன்மொழிகள் வேறு. 'விளம்பரம் செய்யாதே, வம்பளப்பவரிடம் சொல்' என்பது எனக்குப் பிடித்தது. 1960-களில் இதை இடிக்கப் பார்த்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்று போராடிக் காப்பாற்றினார்கள்.

ஹோபர்னில் பிரின்ஸஸ் லூயிஸ். 1891-ன் உள்ளலங்காரம். செதுக்கிய கண்ணாடித் தடுப்புகளால் பாரைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்காரரும் மற்றவர் கண்ணில் படாமல் குடிப்பதற்கு விக்டோரியா காலத்தில் செய்த ஏற்பாடு அது. இங்கேயும் ஃப்ளீட் தெருவின் செஷயர் சீஸ் என்ற பப்பிலும் (லண்டனை எரித்த 1666 பெருந்தீக்குப் பின் 1667-ல் திரும்பக் கட்டியது) டாட்காஸ்டரின் சாமுவேல் ஸ்மித் ஆலை தன் பியரைத்தான் விற்கும். 1758-ல் தொடங்கிய ஆலை. இசை கிடையாது, டிவி கிடையாது, செல்போனை நோண்டுவதையும் அந்த ஆலைக்குப் பிடிக்காது. காஸ்க் பியர் ஒரே வகைதான். பேச ஆள் இருந்தால் சொர்க்கம்.

லேம்ப்ஸ் காண்டிட் தெருவில் உள்ள லேம்ப் பப்பில் கவுன்டருக்கு மேலே, முகத்துக்கு நேராக, சுழலும் சின்னக் கண்ணாடிக் கதவுகள் இருக்கும். பரிமாறுபவர் முகத்தைக்கூடப் பார்க்க விரும்பாத கனவான்களுக்காக வைத்தது. தீண்டாமைக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு தச்சுவேலை.

சவுத்வார்க்கின் ஜார்ஜ் இன் லண்டனில் மிஞ்சியிருக்கும் ஒரே மரத்தாழ்வாரக் குதிரைவண்டிச் சத்திரம். 1677-ல் திரும்பக் கட்டியது, இப்போது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து. முற்றத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருக்கலாம். இங்கே போவது கட்டடத்துக்காக.

பியருக்காக மட்டும் போவதென்றால் சேரிங் கிராஸ் பக்கத்தில் ஹார்ப். குறுகலான இடம், உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். கேம்ராவின் 2010-க்கான தேசிய விருதைப் பெற்ற பப், லண்டனுக்கு அந்த விருது வந்தது அதுதான் முதல் தடவை.

லண்டனைத் தாண்டிப் போக வேண்டுமா?

கட்டாயம். லண்டனில் மட்டும் குடித்துவிட்டு ரியல் ஏலைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கட்சி. லண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஷெஃபீல்ட்.

ரயில் நிலையத்திலேயே ஷெஃபீல்ட் டேப் இருக்கிறது. எட்வர்ட் மன்னர் காலத்து முதல் வகுப்புச் சிற்றுண்டி அறை. பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்ததை, ஓடு ஓடாகச் சீர்செய்து 2009-ல் பப்பாகத் திறந்தார்கள். ரயில் தாமதமானால் நான் வருத்தப்படாத ஒரே நிலையம் இது.

அங்கிருந்து கெல்லம் ஐலண்டுக்கு நடங்கள். எஃகுப் பட்டறைகள் இருந்த பகுதி. 1981-ல் டேவ் விக்கெட் என்பவர் இங்கே ஒரு ஓய்ந்துபோன பப்பை வாங்கி ஃபேட் கேட் என்று பெயர் மாற்றினார். பல ஆலைகளின் பியர், பாட்டுப்பெட்டி இல்லாத அறை. இந்த ஊருக்கு அப்போது இது புதுசு. 1990-ல் பக்கத்திலேயே ஆலையும் போட்டார். அதன் பேல் ரைடர் 2004-ல் நாட்டின் சிறந்த பியர் என்ற பட்டம் வாங்கியது. ஆலை 2022-ல் நின்றுபோனது. பேல் ரைடரை மட்டும் தார்ன்பிரிட்ஜ் ஆலை எடுத்துக் காப்பாற்றிவிட்டது. அந்த தார்ன்பிரிட்ஜின் ஜெய்ப்பூர் என்ற பியர், 5.9 சதவீதம், பழச்சாறு போல இறங்கி அப்புறம் ஆளைக் கவிழ்க்கும்.

இரண்டு நிமிட நடையில் கெல்லம் ஐலண்ட் டாவர்ன். 2008, 2009 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டு தேசிய விருது வாங்கியது. கட்டடத்தில் பெரிய விசேஷம் இல்லை. பியரில் குறை சொல்ல இதுவரை எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மான்செஸ்டர், லிவர்பூல்?

இரண்டுக்கும் நடுவே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரே நாளில் பார்க்கலாம்.

மான்செஸ்டரில் ராச்டேல் சாலையின் மார்பிள் ஆர்ச், 1888. மொசைக் தரை கவுன்டரை நோக்கிச் சரிவாக இறங்கும். இரண்டாவது பைன்ட்டுக்குப் பிறகு 'தரை சாய்கிறதா நான் சாய்கிறேனா' என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். தரைதான் சாய்கிறது. மார்பிள் ஆலை 1997-ல் இந்தப் பப்பில்தான் பிறந்தது. ஊர் நடுவே பச்சை ஓடு போர்த்திய முக்கோணக் கட்டடம் ஒன்று தனியாக நிற்கும். அது பெவரில் ஆஃப் த பீக். படம் எடுத்துவிட்டு உள்ளேயும் போங்கள்.

லிவர்பூலின் ஹோப் தெருவில் ஃபில்ஹார்மோனிக். ராபர்ட் கெய்ன் என்ற ஆலை முதலாளி 1898 முதல் 1900 வரை கட்டியது. கப்பல் தச்சர்களின் கைவண்ணம் என்று ஊரில் சொல்வார்கள், மர வேலையைப் பார்த்தால் நம்பத் தோன்றும். 2020-ல் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. விக்டோரியா காலத்தில் பப்பாகவே கட்டிய கட்டடங்களில் அந்தத் தரம் முதலில் கிடைத்தது இதற்குத்தான். இரண்டு அறைகளுக்கு பிராம்ஸ், லிஸ்ட் என்று இசைமேதைகளின் பெயர். எதிரே கச்சேரி மண்டபம் இருப்பதால் மட்டுமல்ல, லண்டன் பாமரர் பேச்சில் 'பிராம்ஸும் லிஸ்ட்டும்' என்றால் முழு போதை. ஆண்கள் கழிப்பறை ரோஜா நிறப் பளிங்கில் இருக்கும். கேட்டுவிட்டுப் பெண்களும் எட்டிப் பார்ப்பது வழக்கம். சிரிக்காதீர்கள், அது ஒரு காட்சிப்பொருள்.

அங்கிருந்து பத்து நிமிடத்தில் ராஸ்கோ ஹெட். குட்டிக் குட்டி அறைகள், சாதாரண வீடு மாதிரி தோற்றம். 'குட் பியர் கைடு' நூலின் எல்லாப் பதிப்பிலும் இடம்பெற்ற விரல்விட்டு எண்ணக்கூடிய பப்களில் இது ஒன்று. ஃபில்ஹார்மோனிக்கில் கண்ணுக்கு, ராஸ்கோவில் வாய்க்கு.

லீட்ஸ், நாட்டிங்ஹம், எடின்பரோ பற்றியும் சொல்லுங்கள்.

லீட்ஸில் பிரிகேட் கடைத்தெருவின் ஒரு சந்துக்குள் ஒயிட்லாக்ஸ். 1715-ல் தொடங்கியது. பித்தளை, கண்ணாடி, ஓட்டுக் கவுன்டர் என நீளமான ரயில்பெட்டி மாதிரி இடம். சந்து குறுகலாக இருக்கிறதே என்று திரும்பிவிடாதீர்கள்.

நாட்டிங்ஹமின் ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம் சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம், கட்டடம் 17-ஆம் நூற்றாண்டுக்காரது. ஆனால் கோட்டைப் பாறையைக் குடைந்த குகைகளுக்குள் உட்கார்ந்து குடிக்கலாம், அது நிஜம். தூசி படிந்த பொம்மைக் கப்பல் ஒன்று உண்டு. துடைத்தவர் செத்துப்போவார் என்ற கதையால் யாரும் துடைப்பதில்லை. வேலை செய்ய அலுத்துப்போன யாரோ கட்டிவிட்ட கதை என்று என் சந்தேகம்.

எடின்பரோவில் கஃபே ராயல். சுவரில் ஜேம்ஸ் வாட், ஃபாரடே போன்ற கண்டுபிடிப்பாளர்களின் ஓட்டு ஓவியங்கள். பியருக்கு 'போ பார்' (Bow Bar) என்ற பப். அங்கே கைப்பம்புக்குப் பதில் ஸ்காட்லாந்துக்கே உரிய உயரமான குழாய்த்தூண்கள் காற்றழுத்தத்தில் பியரை ஏற்றும்.

ஐபிஏ என்பது இந்தியாவில் பிறந்ததா?

பெயரில் மட்டும் இந்தியா. 'இந்தியா பேல் ஏல்' இங்கே காய்ச்சி, சென்னை, கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களில் இருந்த கம்பெனிக்காரர்களுக்குக் கப்பலில் போனது. மாதக்கணக்கான பயணத்தில் கெடாமலிருக்க ஹாப்ஸ் கூடுதலாகப் போட்டார்கள். லண்டனில் கப்பல்துறைக்குப் பக்கத்திலிருந்த ஹாட்ஜ்சன் ஆலை முதலில் பெயர் வாங்கியது. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆலைகள் புகுந்து சந்தையைப் பிடித்தன. அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், கசப்பு துல்லியமாக நிற்கும். கடல் பயணத்துக்காகவே யாரோ ஒருவர் திடீரென்று கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. கறுப்பு போர்ட்டரும் அதே கப்பலில் நன்றாகவே போய்ச் சேர்ந்தது.

நம்மைப் போன்றவர்கள் நுழைந்தால் ஏறிட்டுப் பார்ப்பார்களா?

பெரிய நகரங்களில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். நல்ல ஏல் பப்பில் "என்ன குடிக்கிறீர்கள், எப்படி இருக்கிறது" என்று ஒருவர் பேச்சைத் தொடங்கிவிடுவார், முடிக்கத்தான் மாட்டார். கால்பந்துப் போட்டி நாளில் மைதானத்துப் பக்கமுள்ள பப்களை மட்டும் நான் தவிர்ப்பேன்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பர்மிங்ஹமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் 1960-களில் இந்தியர்களைச் சில அறைகளில் உட்காரவே விடமாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம் எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பர் உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆண்டே பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் முதல் சட்டம் வந்தது. பிறகு அதே வட்டாரத்தில் பஞ்சாபிகள் பப்களை ஒவ்வொன்றாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். இன்று தேசி பப் என்றால் இரும்புத் தட்டில் புகையும் மிக்ஸட் கிரில்லும் கவுன்டரில் பியரும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை இடம் பிடிக்கக் காத்திருப்பார்கள். ரியல் ஏல் தேர்வு குறைவுதான். அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

குடிக்காதவர்கள், குழந்தைகள், தனியாக வரும் பெண்கள்?

மூவரும் போகலாம். சோடாவில் எலுமிச்சைச் சாறு கேட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மூலையில் ஒருவர் நாயோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார், இன்னொரு மூலையில் பாட்டி பின்னிக்கொண்டிருப்பார். நம் ஊர் பாரை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. குழந்தைகளைச் சில பப்கள் சாயங்காலம் வரைதான் அனுமதிக்கும், வாசலிலேயே கேட்டுவிடுங்கள். மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். இளமையான முகமென்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள், கோபப்படாதீர்கள்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

வார நாளில் மதியம் மூன்று மணி. வெயில் செதுக்கிய கண்ணாடி வழியாக விழும், பரிமாறுபவருக்கும் பேச நேரம் இருக்கும். இங்கிலாந்தில் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து 1988 வரை பப்கள் மதியம் சட்டப்படி மூடிக் கிடந்தன, அந்தச் சுகம் அப்போது யாருக்கும் கிடைக்கவில்லை. சின்னப் பப்கள் சில இன்றைக்கும் நாலு மணிக்குத்தான் திறக்கும், திங்கட்கிழமை திறக்காதவையும் உண்டு. லண்டன் சிட்டி பகுதியில் வாரக்கடைசியில் சில மூடியிருக்கும். இரவு பதினொன்றை ஒட்டி மணி அடித்தால் கடைசி ஆர்டர்.

கார் எடுத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் மது வரம்பு ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைவிடக் குறைவு. நான் சொன்ன பப்கள் எல்லாமே ரயில் நிலையத்திலிருந்தோ பேருந்து நிறுத்தத்திலிருந்தோ நடக்கிற தூரம்தான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே அனுப்புவீர்கள்?

லண்டனிலிருந்து காலை ரயிலில் ஷெஃபீல்ட். ஃபேட் கேட்டில் மதியச் சாப்பாடும் அரை பைன்ட்டும், டாவர்னில் இன்னொரு அரை. திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்கு வந்துவிடுங்கள், டேப்பில் உட்கார வேண்டுமே. வார நாளாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், ஐந்து மணிக்கு மேல் வந்துவிடுவேன். முதல் ரவுண்டு என்னுடையது.